குடை உறை, சீஆர் கொப்பி, 100 ரூபா பைன்: ஒரு அக்காவோட கேஸ்

மழை வந்ததாலதான் அக்கா மாட்டினாங்க. 2023 மார்ச், ராத்திரி எட்டரை மணி இருக்கும், கொழும்பு டவுனுக்குள்ள ஒரு பஸ் ஹோல்ட், தூறல் விழ ஆரம்பிச்சதும் கைப்பையில இருந்த மடக்குக் குடையை எடுத்து உறையை உருவியிருக்காங்க, அந்த உறைக்குள்ள சொருகி வச்சிருந்த கொண்டம் பக்கெட் மூணும் ரோட்டுல விழுந்திடுச்சு. நாலடி தள்ளி ரெண்டு பொலிஸ்காரங்க. அக்கா வேலைக்குத்தான் போய்ட்டிருந்தாங்க, காசுக்கு உறவு வச்சுக்கிற வேலை, அதுல ஒளிக்க ஒண்ணுமில்ல, ஆனா அந்த நிமிஷம் யாரையும் கூப்பிடவுமில்ல, யாரோடயும் கதைக்கவுமில்ல, பஸ் வருதான்னு எட்டிப் பாத்துட்டு நின்னாங்க, அவ்வளவுதான். கைப்பையில வச்சா செக் பண்ணும்போது அம்பிடும்னுதான் குடை உறைக்குள்ள வைக்கிறது, மழைக்காலத்துல இது உதவாதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே தங்கச்சின்னு பிறகு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க.

நான் யார்னு சொல்லிடுறேன். கொட்டாஞ்சேனையில பொறந்து வளந்தவ, பகல்ல ஒரு ஒஃபிஸ்ல வேலை, சிங்களம் தமிழ் ரெண்டும் எழுத வாசிக்கத் தெரியும்கிறதால தெரிஞ்ச சட்டத்தரணி ஒருத்தங்களுக்கு மொழிபெயர்ப்புக்கு அப்பப்ப போவேன், காசுக்கு இல்ல. அப்படித்தான் அடுத்த நாள் காலையில கோட்ஸ் வராந்தாவுல அக்காவை முதல் முதல்ல பாத்தேன். இதை எழுதலாமான்னு அவங்ககிட்ட கேட்டுத்தான் எழுதுறேன், எழுதினதை வாசிச்சும் காட்டினேன், ஒரு இடத்துல அந்த ஊர்ப் பேரை எடுத்துடுன்னாங்க, எடுத்துட்டேன். வயசு, இடம், இன்னும் சில சின்ன விஷயங்களையும் மாத்தியிருக்கேன். ஏன்னு கீழ வரும்.

முதல்ல அந்த ஸ்டேஷன் மேசையைப் பத்திச் சொல்லணும். மேசையில எடுத்து வச்ச சாமான்: குடை, குடை உறை, மூணு பக்கெட், நொக்கியா போன் ஒண்ணு, 1,340 ரூபா காசு, பாதி பெனடோல் கார்ட், அந்தோனியார் படம் ஒண்ணு, ஒரு மெல்லிசான சீஆர் கொப்பி. கொப்பியை ஒருத்தர் புரட்டிப் பாத்திருக்கார், அதுல தமிழ்ல சாரி, பெட்டி, பை, நூல்னு வரிசையா எழுதி பக்கத்துல தொகை போட்டிருக்கு, இது என்னன்னு கேட்டதுக்கு அக்கா "சாரிக் கடைக் கணக்கு சேர்"னு சொல்லியிருக்காங்க, அவர் திருப்பிக் குடுத்துட்டார். பக்கெட்டைக் குடுக்கல. அது சாட்சி.

வாக்குமூலம் சிங்களத்துல எழுதினாங்க. அக்காவுக்குத் தெரிஞ்சது கடைச் சிங்களம், விலை பேசலாம், பஸ்ல சண்டை பிடிக்கலாம், வாசிக்க வராது. 1987ல 13ஆவது திருத்தத்தோட தமிழும் அரசகரும மொழின்னு யாப்புல இருக்கு, ராத்திரி ஒம்பது மணிக்கு ஒரு ஸ்டேஷன்ல தமிழ் எழுதத் தெரிஞ்ச ஆள் டியூட்டியில இருக்காரா இல்லையாங்கிறது வேற விஷயம், அண்டைக்கு இல்ல. பதினாலு வரி. கீழ அக்கா தமிழ்ல கையெழுத்துப் போட்டிருக்காங்க. மறுநாள் நான் அதை வாசிச்சுச் சொன்னப்பதான், "ரோட்டுல போறவங்களை நான் கையால கூப்பிட்டேன்"ன்னு தான் சொன்னதா அதுல இருக்கிறது அவங்களுக்கே தெரியும். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே"ன்னாங்க. கத்தக்கூட இல்ல, மாத்தி சில்லறை குடுத்தவங்ககிட்ட சொல்ற மாதிரி மெதுவா.

நம்ம ஆக்கள் நிறையப் பேர் நினைக்கிற மாதிரி இல்ல, இலங்கையில வயசு வந்த ஒரு பொம்பிளை காசுக்கு உறவு வச்சுக்கிறது தன்னளவுல குத்தம்னு எந்தச் சட்டத்துலயும் எழுதியில்ல. இதைச் சொன்னா படிச்சவங்களே நம்ப மாட்டாங்க. குத்தம்னு இருக்கிறது சுத்தி உள்ளதெல்லாம்தான். 1841ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், ரோட்டுல அலைஞ்சு ஒழுங்கீனமா நடந்துக்கிட்டா 3ஆம் பிரிவு, பொது இடத்துல ஒருத்தரை உறவுக்கு அழைச்சா 7ஆம் பிரிவு. முதலாவதுக்கு 14 நாள் வரை மறியல் (ஜெயில்தான்) இல்லாட்டி 10 ரூபா வரை தண்டம், ரெண்டாவதுக்கு ஆறு மாசம் வரை மறியல் இல்லாட்டி 100 ரூபா வரை தண்டம். சரி ரோட்டுல நிக்காம ஒரு ரூமுக்குள்ள வேலை செய்யலாம்னா அதுக்கு 1889ஆம் ஆண்டோட விபச்சார விடுதிகள் கட்டளைச் சட்டம் நிக்குது, நடத்துறதும் குத்தம், நடத்த உதவுறதும் குத்தம். ரெண்டு பொம்பிளைங்க ஒருத்தருக்கொருத்தர் துணையா இருக்கட்டும்னு சேர்ந்து ஒரு ரூம் எடுத்தாலே அதை விடுதின்னு பிடிக்க ஏலும். தனியா நின்னா ஆபத்து, சேர்ந்து இருந்தா கேஸ். ஒரு தொழிலை எவ்வளவு ஆபத்தா செய்ய வைக்க ஏலுமோ அவ்வளவு ஆபத்தா செய்ய வைக்கிற ஏற்பாடு இது, யாரும் உக்காந்து யோசிச்சுச் செஞ்சதுன்னு நான் சொல்லல, ஆனா விளைவு அதுதான். (கடத்திக் கொண்டு வர்றது, சின்னப் பிள்ளைகளை இதுல தள்ளுறது எல்லாம் வேற, அதுக்கு தண்டனைச் சட்டக்கோவையில தனிப் பிரிவுகள் இருக்கு, இருக்கவும் வேணும். இந்தக் கேஸ் அது இல்ல. அக்காவுக்கு இப்ப 38 வயசு, இதுக்குள்ள வந்தது 34ல.)

ஸ்டேஷன்ல வச்சு ஒருத்தர் "மெத்செவனவுக்கு அனுப்பவா"ன்னு கேட்டிருக்கார். கங்கொடவிலயில இருக்கிற அரசாங்கத் தடுப்பு இல்லம் அது, பொம்பிளைங்களுக்கு. அந்தப் பேரைக் கேட்டா அக்காவோட சிநேகிதிமார் எல்லாருக்கும் முகம் மாறும், ஏன்னா மறியல்னா தவணை இருக்கு, நாள் எண்ணலாம், அங்க போனா எப்ப வெளிய வருவோம்னு தெரியாதுங்கிறதுதான் அவங்க பயம். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் அக்கா எதைக் காட்டினாலும் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க.

கோட்ஸ்ல நடந்தது ரெண்டு நிமிஷம். சட்டத்தரணி வெளிப்படையாத்தான் சொன்னாங்க, சுத்தவாளின்னு நின்னா நாலஞ்சு தவணை வரும், ஒவ்வொரு தவணைக்கும் வரணும், குத்தவாளின்னா இப்பவே முடியும்னு. செய்யாததை எப்படி ஒத்துக்கிறதுன்னு நான்தான் துள்ளினேன், இருபத்தெட்டு வயசு, சட்டம் நியாயம்னு வாய் நிறைய. அக்கா என் கையைப் பிடிச்சு, "தங்கச்சி, நாலு தவணைன்னா நாலு நாள் பகல்ல இந்த வராந்தாவுல நிக்கணும், யாராவது தெரிஞ்சவங்க பாத்தா?"ன்னு கேட்டாங்க. ஒத்துக்கிட்டாங்க. தண்டம் 100 ரூபா. வெளிய வந்து பிளேன்டீயும் பனிஸும் எங்க மூணு பேருக்கும் அக்காதான் வாங்கித் தந்தாங்க, பில் பைனைவிடக் கூட.

"யாராவது தெரிஞ்சவங்க பாத்தா." இந்தக் கேஸ்ல எல்லாத்துக்கும் அடியில கிடக்கிறது இந்த மூணு சொல்லுதான்னு எனக்கு விளங்க ஒரு வருஷம் போச்சு. விளங்க வச்சது அந்த சீஆர் கொப்பி.

அக்கா மலையகத்துல ஹட்டன் பக்கத்து ஆள். 22 வயசுல கொழும்புக்கு வந்தது வீட்டு வேலைக்கு. வீட்டு வேலைக்காரங்களுக்குன்னு இந்த நாட்டுல உள்ள சட்டம் 1871ல வந்த பதிவுச் சட்டம், சம்பளச் சபை அவங்களைக் கணக்குல எடுக்கல, அதால அந்த ஆறு வருஷத்துல லீவு எத்தனை, சம்பளம் எத்தனைங்கிறது எல்லாம் வீட்டம்மாவோட மூட். பிறகு புறக்கோட்டையில ஒரு சாரிக் கடை, காலையில எட்டரையில இருந்து கடை சாத்துற வரை நின்ன நிலை. ஈபிஎஃப்ங்கிற சேமலாப நிதிக்கு தொழிலாளி பக்கம் 8 வீதம், முதலாளி பக்கம் 12 வீதம், ஈடிஎஃப்ங்கிற நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம்னு கட்டணும்னு சட்டம் இருக்கு, அக்காவுக்கு ஒரு சதம் கட்டல. அந்த முதலாளியை யாரும் ரோட்டுல நிறுத்தி பையைத் திறந்து பாக்கல. 2020 மார்ச் ஊரடங்கோட கடை மூடினாங்க, திறந்தப்ப பாதிப் பேரைக் கூப்பிடல. புருஷன் அதுக்கு முந்தியே விட்டுட்டுப் போயாச்சு, மகன் அம்மாவோட தோட்டத்துல, ஓஎல் பரீட்சைக்குப் படிக்கிறான். அம்மாவைப் பொறுத்த வரைக்கும் அக்கா இன்னும் சாரிக் கடையிலதான் நிக்கிறாங்க.

அந்தக் கடைதான் கொப்பியோட பாஷை. சாரின்னா கஸ்டமர். பெட்டின்னா ரூம். பைன்னா த்ரீவீல். நூல்னா பொலிஸுக்கோ ஏரியா சண்டியனுக்கோ போறது. ஏன் நூல்னு கேட்டேன், "நூல் போகாம துணி நிக்குமா?"ன்னாங்க.

ஒரு பக்கத்தை அப்படியே எழுதுறேன், 2023 ஓகஸ்ட்ல ஒரு வெள்ளிக்கிழமை, அது நல்ல நாள்னு பக்கத்துல ஒரு சின்ன சரி அடையாளம் வேற போட்டிருக்கு. சாரி மூணு: 2,500, 2,500, 2,000. மொத்தம் 7,000. பெட்டி 800 படி மூணு தரம், 2,400. ஆள் கொண்டு வந்து விட்ட த்ரீவீல்காரருக்கு 500 படி ரெண்டு, 1,000. நூல் 500. திரும்பி வீட்டுக்குப் போக பை 600. சாப்பாடு 450. கழிச்சா கையில 2,050.

இதுல எந்தத் தொழிலாளிக்கும் வர்ற செலவு எது, அக்காவுக்கு மட்டும் வர்ற செலவு எதுன்னு நானும் அவங்களும் ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து பிரிச்சோம். அதே ரூமை ஒரு ஜோடி போய்க் கேட்டா 500, இவங்களுக்கு 800, அந்த 300 வாயை மூடிக்கிட்டு இருக்கிறதுக்கு. மூணு தரம்னா 900. வீட்டுக்குப் போற த்ரீவீல் மத்த ஆளுக்கு 300க்கு வரும், இவங்க எங்க இருந்து ஏறுறாங்கன்னு தெரிஞ்சவருக்கு 600. நூல் 500. ஆக 1,700. நல்ல நாள் ஒண்ணுல அக்கா சம்பாதிச்சது 2,050, அக்கா யாருன்னு வெளிய வராம இருக்கக் கட்டினது 1,700. மானம் போச்சு மானம் போச்சுன்னு எல்லாரும் கதைக்கிறாங்க, மானத்துக்கு இந்த ஊர்ல ராத்திரி ரேட் இருக்கு.

அதுக்கு மேல, கஸ்டமர் குடுக்கிற ரேட் ஏறவுமில்ல. 2022 மார்ச்ல 400 கிராம் பால்மா பக்கெட் 790 ரூபா ஆச்சு, செப்டெம்பர்ல கொழும்பு விலைவாசிச் சுட்டெண் பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போச்சு, ரூம்காரர் ஏத்தினார், த்ரீவீல் பெற்றோல் கியூவைச் சொல்லி ஏத்தினார், கஸ்டமர் மட்டும் பழைய ரேட்டுதான். புதுசா நிறையப் பேர் வந்துட்டாங்கன்னு அக்கா சொல்வாங்க, கார்மென்ட்ல இருந்து, கடைகள்ல இருந்து. யூனியன் வச்சு ரேட் கேக்க ஏலாத வேலை இது. காசு குடுக்காமப் போற கஸ்டமர் மேல எங்க போய் முறைப்பாடு வைக்கிறது?

முறைப்பாடுன்னதும் கையைப் பத்திச் சொல்லணும். அக்காவோட இடது மணிக்கட்டு கொஞ்சம் கோணல், குடத்தைத் தூக்கும்போது தெரியும். 2022 கடைசியில ஒருத்தன் காசு விஷயத்துல முறுக்கிவிட்டது. அரசாங்க ஹொஸ்பிட்டல்ல யாரோ அடிச்சதுன்னு சொன்னா அங்கயே இருக்கிற பொலிஸ் போஸ்ட்ல ஒரு என்ட்ரி போடணும், யார் அடிச்சது, எங்க, எத்தனை மணிக்கு, அந்த நேரம் அங்க உங்களுக்கு என்ன வேலைன்னு கேள்வி போகும். அதால பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லியிருக்காங்க. டொக்டர் ஒரு தரம் நிமிந்து பாத்துட்டு எழுதிக்கிட்டாராம். ரெண்டு கிழமையில மறுபடி வந்து எக்ஸ்றே எடுக்கச் சொன்னதுக்குப் போகல, அதே டொக்டர் இருந்தா மறுபடி அந்தக் கதையைச் சொல்லணுமேன்னு. கை கோணிப் போச்சு. அந்த ஆள் அடுத்த மாசமே அதே பக்கம் வந்து வேற ஒரு பிள்ளையைக் கூட்டிட்டுப் போகப் பாத்தான், அக்கா தூரத்துல இருந்து பாத்துட்டு, ஓடிப் போய் அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லி தடுத்திருக்காங்க. இப்ப அவங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு இருக்கு, போன்ல ஆளோட த்ரீவீல் நம்பரை இன்னொருத்திக்கு அனுப்பிட்டுத்தான் ஏறுறது. எந்தச் சட்டமும் தராத ஒரே பாதுகாப்பு அதுதான்.

சுகாதாரப் பக்கத்தையும் நேர்மையாச் சொல்லணும், அங்க எல்லாமே கெட்டதில்ல. அரசாங்கத்தோட பாலியல் நோய்க் கிளினிக்குகள்ல செக் பண்றது இலவசம், பேருக்குப் பதிலா நம்பர்ல கூப்பிடுவாங்க, அக்கா அந்தக் கார்ட்டை அந்தோனியார் படத்துக்குப் பின்னால வச்சிருக்காங்க. 1987ல முதல் இலங்கையருக்கு எச்ஐவின்னு கண்டுபிடிச்ச காலத்துல இருந்து இந்த நாட்டுல அது பெருசாப் பரவாம இருக்கு, 2019ல தாயில இருந்து பிள்ளைக்கு எச்ஐவி தொத்துறதை இல்லாமப் பண்ணின நாடுன்னு உலக சுகாதார ஸ்தாபனம் சேர்டிஃபிகேட் தந்துச்சு. அதுக்குப் பின்னால இந்த மாதிரி பொம்பிளைங்க கையில கொண்டம் போய்ச் சேர்ந்ததும் ஒரு காரணம்னு சுகாதாரத் துறைக்குத் தெரியும், அதாலதான் இலவசமாக் குடுக்குது. அதே பக்கெட்தான் ஸ்டேஷன் மேசையில சாட்சியாக் கிடந்தது. கேஸுக்குப் பிறகு ரெண்டு மூணு மாசம் அக்கா பையில ஒண்ணுக்கு மேல வைக்கல. ஒண்ணுன்னா முதல் ஆளுக்கு. மத்த ஆளுக்கு? நான் கேட்டேன், அக்கா பதில் சொல்லல, வெத்திலையை மடிச்சிட்டு இருந்தாங்க.

இப்ப அந்த 100 ரூபாவோட மிச்சக் கதை.

அக்கா இருக்கிறது ஒரு தோட்டத்துல. கொழும்புல தோட்டம்னா தேயிலைத் தோட்டம் இல்ல, வத்தைன்னு சிங்களத்துல சொல்ற நெருக்க வீடுகள், தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். ஒரு ரூம், பொதுக் குழாய், வாடகை 8,000. கேஸ் நடந்து ஒரு கிழமையில அங்க த்ரீவீல் ஓட்டுற ஒருத்தர் மூலமா விஷயம் கசிஞ்சிடுச்சு. யாரும் வந்து ஏசல. நான் எதிர்பாத்தது சண்டை, கல், கூச்சல், படங்கள்ல வர்ற மாதிரி. நடந்தது வேற. வீட்டுக்காரம்மா சிரிச்ச முகத்தோட வந்து, "உனக்குத் தெரியும்தானே மகள், எனக்கும் நாலு பேர் கேக்குறாங்க, அடுத்த மாசத்துல இருந்து 12,000 தா"ன்னாங்க. பக்கத்து ரூம் அதே அளவு, இன்னும் 8,000தான்.

அடுத்தது சீட்டு. பத்துப் பொம்பிளைங்க, மாசம் 2,000 படி, மாசம் ஒருத்தருக்கு 20,000 விழும். ஏப்ரல் சீட்டு அக்காவுக்கு விழ வேண்டியது, மகனோட டியூஷன் காசுக்கு அதைத்தான் நம்பியிருந்தாங்க. சீட்டுப் பிடிக்கிற அக்கா வந்து இதுவரை கட்டின காசை எண்ணிக் கையில குடுத்து, "இந்த மாசத்தோட சீட்டை நிப்பாட்டுறோம், எல்லாருக்கும் கஷ்டம்"னு சொல்லிட்டுப் போனாங்க. சீட்டு நிக்கல. அடுத்த மாசம் குழாயடியில யாருக்கு விழுந்ததுன்னு கதைச்சது அக்காவுக்குக் கேட்டுச்சு. காசைச் சதம் குறையாம திருப்பிக் குடுத்ததுதான் ரொம்ப வலிச்சது, திருடியிருந்தா சண்டை பிடிச்சிருப்பேன்னு சொன்னாங்க.

அதால வட்டிக்கு 25,000. மாசம் நூத்துக்குப் பத்து. ஒரு வருஷக் கணக்கைக் கொப்பியோட கடைசிப் பக்கத்துல நாங்க போட்டோம்: பைன் 100, சட்டத்தரணி 7,500, ஓட்டம் 2,200, கூட்டின வாடகை பன்னிரண்டு மாசத்துக்கு 48,000, வட்டி 30,000. கூட்டினா 87,800. முதல் 25,000 அப்படியே நிக்குது. நீதவான் போட்டது நூறு, மிச்சத்தைப் போட்டது நாங்க எல்லாரும்தான், சனம்.

நாங்கன்னு சொன்னது சும்மா இல்ல. முதல் தடவை அக்காவோட ரூமுக்குப் போனப்ப டீ ஊத்திக் குடுத்தாங்க, கண்ணாடிக் கிளாஸ், நல்லாக் கழுவினது. வாங்கி வாய்க்கிட்டக் கொண்டு போறதுக்கு முந்தி நான் விளிம்பைப் பாத்தேன். அரை செக்கன்தான். அவங்க பாத்துட்டாங்க. ஒண்ணும் சொல்லல. அடுத்த தடவை போனப்ப எனக்கு யோகட் கப் ஒண்ணு கடையில இருந்து வாங்கி, மூடி பிரிக்காம முன்னால வச்சாங்க. நான் கிளினிக் போஸ்டர்களை மொழிபெயர்த்தவ, எது எப்படித் தொத்தும் எப்படித் தொத்தாதுன்னு தமிழ்ல எழுதிக் குடுத்தவ.

பேப்பர்காரங்களையும் விட ஏலாது. "விபச்சார விடுதி முற்றுகை"ன்னு கிழமைக்கு ஒரு செய்தி வரும், முகத்தை முடியால மறைச்ச பொம்பிளைங்க போட்டோவோட, கீழ "27, 31, 36 வயதுடைய, இன்ன இன்ன ஊர்களைச் சேர்ந்தவர்கள்". பேர் போடலையேன்னு அவங்களுக்கு மனச்சாட்சி சுத்தம். மலையகத்துல ஒரு சின்ன டவுன் பேரும் 36ங்கிற வயசும் போட்டா, கொழும்புல வேலை செய்ற 36 வயசுப் பொம்பிளைங்க அந்த டவுன்ல எத்தனை பேர் இருக்கப் போறாங்க, ஒரு டிவிஷன்ல விரல் விட்டு எண்ணலாம். வேலையே செய்யாத பிள்ளைகளுக்கும் சேத்துக் கதை கட்டிடுவாங்க. அங்க வந்த காசு கொடுத்த ஆம்பிளைங்களோட ஊர் மட்டும் எந்தச் செய்தியிலயும் வராது, இதை நான் எத்தனையோ தடவை தேடிப் பாத்திருக்கேன். அக்கா எடுக்கச் சொன்ன அந்த ஊர்ப் பேரும், நான் மாத்தின வயசும் இதுக்காகத்தான்.

பக்கத்துல இந்தியாவுல 2022 மே 19ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டுச்சு, இந்தத் தொழில் செய்றவங்களைப் பொலிஸ் மரியாதையா நடத்தணும், ரெய்ட்ல பிடிபட்டவங்களோட அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக் கூடாது, தங்களைப் பாதுகாக்க வச்சிருக்கிற கொண்டத்தைக் குத்தத்துக்குச் சாட்சியா எடுக்கக் கூடாது, விலாச அத்தாட்சி இல்லாட்டியும் ஆதார் கிடைக்க வழி செய்யணும்னு. அங்க எல்லாம் மாறிடுச்சுன்னு நான் சொல்ல வரல, உத்தரவு ஒரு பக்கம் ஸ்டேஷன் ஒரு பக்கம்தான், ஆனா காட்டிக் கேக்க ஒரு காகிதம் இருக்கு. அதைவிட எனக்குப் பிடிச்சது கொல்கத்தா சோனாகாச்சியில இதே தொழில் செய்றவங்க 1995லயே தொடங்கின உஷா கூட்டுறவுச் சங்கம், அவங்களே சேமிச்சு அவங்களுக்கே கடன் குடுக்கிறது, வட்டிக்காரன்கிட்டப் போகாம இருக்க. அக்காகிட்டச் சொன்னேன். "அப்ப அவங்களுக்குச் சீட்டுல இருந்து எடுத்துவிட ஆள் இல்லையா?"ன்னு கேட்டாங்க, எல்லாருமே ஒரே தொழில்தானேன்னேன், கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு இருந்தாங்க. நாலு மாசத்துக்குப் பிறகு அஞ்சு பேரைச் சேத்து மாசம் 1,500க்கு ஒரு சீட்டுத் தொடங்கினாங்க. ரெண்டாவது மாசமே ஒருத்தி காசோட மாறிட்டா. மறுபடி நாலு பேரோட ஓடுது.

நம்ம பக்கம் 1841 சட்டத்தை எடுத்துடணும்னு பெண்களுக்கு எதிரான பாகுபாடு பத்தின ஐநா குழுவே 2017ல இலங்கைக்குச் சொன்னதுதான். இன்னும் புத்தகத்துல இருக்கு, அண்டைக்கு அக்காமேல பாய்ஞ்சதும் அதுதான். அஸ்வெசுமங்கிற அரசாங்க உதவிப் பணத்துக்கு விண்ணப்பம் எடுத்தப்ப அக்காவும் கேட்டுப் பாத்தாங்க, வாக்காளர் பதிவு ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துல, கொழும்பு விலாசத்துக்கு வீட்டுக்காரம்மா ஒப்பம் வைக்கணும், வைக்க மாட்டேன்னுட்டாங்க, நாளைக்கு ஏதும் பிரச்சினைன்னா என் வீட்டுப் பேர்ல வரும்னு. 12,000 வாங்குறதுக்கு மட்டும் அந்த வீடு பரவாயில்ல.

இந்தத் தொழிலை விட்டுடுங்கன்னு நான் சொன்னதில்ல, ஒரே ஒரு தடவை விட விருப்பமான்னு கேட்டேன். கடனை முடிச்சிட்டு, மகன் ஏஎல் முடிக்கட்டும், பிறகு இடியப்பக் கடைன்னாங்க. பிறகு ரொம்ப இயல்பா, "கடையிலயும் எட்டு மணித்தியாலம் நின்னேன், முதலாளி பின்னால வந்து உரசுவார், அதுக்குக் காசும் இல்ல"ன்னாங்க. எனக்கு அதுக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல.

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவமா தங்கச்சின்னு கோல் எடுத்தாங்க. ரெண்டு பேரும் சைவம்தான், செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு அது கணக்கில்ல. 2019 குண்டுக்குப் பிறகு கேட்டுல பை செக் பண்ணுவாங்க, அதால அக்கா முன்னையெல்லாம் வேலைக்குப் போற பையோட அங்க வர மாட்டாங்க, வீட்டுக்குப் போய் வேற பை எடுத்துட்டு வர நேரமில்லாட்டி ரோட்டுல நின்னு கும்பிட்டுட்டுப் போயிடுவாங்க. அண்டைக்கு என்கிட்ட, "இதை உன் பைக்குள்ள போட்டுக்கிறியா?"ன்னு குடை உறையை நீட்டினாங்க. வாங்கிப் போட்டுக்கிட்டேன். கியூவுல நின்னப்ப எனக்கு நெஞ்சு அடிச்ச அடி பக்கத்துல நின்னவங்களுக்குக் கேட்டிருக்கும்.

அக்காவோட பையை ஜிப் ஜிப்பாத் திறந்து பாத்தாங்க, சீஆர் கொப்பியைக்கூட. என் முறை வந்தப்ப கழுத்துல ஒஃபிஸ் கார்ட் தொங்கிச்சு. "யன்ன மிஸ்", போங்க மிஸ்னுட்டாங்க, பையைத் திறக்கவே இல்ல.

உள்ள போய் அக்கா மெழுகுவத்தி வாங்கினாங்க. பத்த வச்சிட்டு ஓரமா உக்காந்து கொப்பியை எடுத்தாங்க. மெழுகுவத்தி 100ன்னு எழுதினாங்க. அதுக்குக் கீழ நூல்னு எழுதி, பக்கத்துல ஒரு கோடு போட்டாங்க.